செருகுநிரலில் வகைமாற்றப் பிழை: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் மேசைக்கணினிச் செயலிக்குச் செருகுநிரல் (செயலியோடு இணைந்து கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) எழுதுவோர், அதற்குத் தேவையான டிஎல்எல் கோப்புகள் (தொகுக்கப்பட்ட நிரல்கள்) அனைத்தையும் அதன் கோப்புறையிலேயே வைத்துவிட வேண்டும் என்று தங்கள் கணினிப் பகுதியில் வந்த கட்டுரை கூறியிருந்தது. அவற்றுள், செருகுநிரலில் என்னென்ன செயல்கள் இருக்க வேண்டும் என்று செயலி வகுக்கும் இடைமுகம் அடங்கிய கோப்பைக் கட்டாயம் விலக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டது பெருங்குறை.

இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரின் கப்பல் பதிவேடுகளில் முன்னோரைத் தேட உதவும் செயலி ஒன்றுக்கு, தமிழ்ப் பெயர்களின் வெவ்வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல்களை இணைத்துக் காட்டும் செருகுநிரல் எழுதினேன். செயலி வகுத்திருந்த இடைமுகத்தை என் செருகுநிரலின் வகுப்பு (கிளாஸ்) முறையாக நிறைவேற்றியிருந்தும், அதை அந்த இடைமுகமாக மாற்ற முடியாது என்ற பிழையே மூன்று நாள்களாக வந்துகொண்டிருந்தது. இடைமுகம் எந்தக் கோப்பிலிருந்து ஏற்றப்படுகிறது என்று இருபுறமும் அச்சிட்டுப் பார்த்தபோதுதான் இரண்டு பாதைகள் தெரிந்தன: ஒன்று செயலியின் கோப்புறை, மற்றொன்று என்னுடையது.

அந்தப் பதிவேடுகளில் ஒரே பெயரில் பலர் இருப்பர். பதிவு எண் வேறானால் ஆளும் வேறு. டாட்நெட்டும் அவ்வாறே, பெயரோடு அசெம்பிளி (டிஎல்எல் கோப்பிலுள்ள நிரல்தொகுப்பு) ஏற்றப்பட்ட சூழலையும் சேர்த்தே வகுப்பு, இடைமுகம் போன்ற ஒரு வகையை அடையாளம் காண்கிறது. செருகுநிரல் ஒவ்வொன்றையும் தனித்தனி அசெம்பிளிலோட்கான்டெக்ஸ்டில், அதாவது தனி ஏற்றச் சூழலில், ஏற்றும் செயலியில், இடைமுகக் கோப்பின் நகல் செருகுநிரலின் அருகில் இருந்தால் அது இரண்டாம் முறை ஏற்றப்பட்டு, எழுத்துப் பிசகாத அதே பெயருடன் வேறொரு வகையாகிவிடும்.

திட்டக் கோப்பில் இடைமுகத்துக்கான குறிப்பில், நகல் எடுப்பதா என்பதைத் தீர்மானிக்கும் 'பிரைவேட்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால், நகல் வெளியீட்டுக் கோப்புறைக்கு வராது. செயலியிடம் உள்ள ஒரே பிரதியை இருபுறமும் பயன்படுத்தும். மற்றக் கோப்புகள் உடனிருக்கலாம். நேரடி வகைமாற்றத்துக்குப் பதில் 'ஆஸ்' என்னும் வகைமாற்றச் சொல்லைப் போடச் சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை: பிழைக்குப் பதில் 'நல்' என்னும் வெற்று மதிப்பு கிடைத்து, செருகுநிரல் ஓசையின்றி மறைந்துபோகும், காரணத்தைத் தேட வழியே இராது.

இத்திருத்தத்தை அதே பகுதியில் வெளியிட வேண்டுகிறேன். கட்டுரையை நம்பி முதல் செருகுநிரலை எழுதத் தொடங்கிய மாணவர்கள் எங்கள் வட்டாரத்திலும் இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா