கன்வல்யூஷன் ரிவெர்ப் பிளகின் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

உண்மையான இடங்களின் எதிரொலியைக் குரலோடு சேர்க்கும் உங்கள் மென்பொருளில், டிரைக்கு (dry, மூல ஒலி) ஒன்று, வெட்டுக்கு (wet, எதிரொலி) ஒன்று என்று தனித்தனி ஃபேடர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்) கொடுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான்.

போன வாரம் ஒரு பாட்டை மிக்ஸ் செய்துகொண்டிருந்தேன். குரலுக்குச் சின்ன அறையின் ஐ.ஆர். (அந்த இடத்தின் எதிரொலிப் பதிவு), வெட் எத்தனை சதவீதம் என்று சொல்லும் மிக்ஸ் குமிழ் 25-இல். பாடியவர் பக்கத்திலேயே ஹெட்போனோடு இருந்தார். "கொஞ்சம் பெரிய இடமா இருந்தா நல்லா இருக்குமே" என்றார். சரி என்று பெரிய மண்டபத்தின் பிரீசெட்டுக்கு (தயார் அமைப்புக்கு) மாற்றினேன். குமிழ் தானாக 100-க்குத் தாவியது. அவர் திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

மறுபடி 25-க்குக் கொண்டுவந்தேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. அந்த ஐ.ஆர். நீளம், அதன் ஒலி அளவும் அதிகம். 12-க்கு இறக்கினேன். இப்போது எதிரொலி அடங்கியது, ஆனால் நான் தொடவே நினைக்காத டிரை சுமார் 1.4 டெசிபல் ஏறிவிட்டது. குமிழ் நேர்கோட்டில் இயங்கினால் கணக்கு அப்படித்தான் வரும்: 0.75 என்பது 0.88 ஆகிறது. சத்தம் கூடியது காதுக்கு நன்றாகத்தான் படும். அப்புறம் எந்த மண்டபம் பொருத்தம் என்று எதை வைத்து முடிவு செய்வது? அரை மணி நேரம் இதிலேயே போனது. பாடியவர் சோர்ந்துபோனார்.

குமிழை நடுவில் வைத்தால் டிரை 6 டெசிபல் இறங்குமா, 3 இறங்குமா, இறங்கவே இறங்காதா? பிளகினுக்குப் பிளகின் மாறுகிறது. கையேட்டிலாவது எழுதக் கூடாதா?

செண்டில் (குரலின் நகலைத் தனித் தடத்துக்கு அனுப்பும் வழியில்) போட்டு வெட்டை 100-இல் வை என்பீர்கள். வைக்கிறேன். ஆனால் உங்கள் ஐ.ஆர். கோப்புகள் பலவற்றின் தொடக்கத்தில் நேரடி ஒலி (சுவரில் படாமல் நேராக வந்தது) நீக்கப்படாமலே கிடக்கிறது. அது ஒரு மில்லி நொடி தள்ளி வந்து மூலக் குரலோடு சேர்ந்தால் 500 ஹெர்ட்ஸில், 1500-இல், 2500-இல் என்று வரிசையாகப் பள்ளம் விழுகிறது. குரல் மெலிந்து, குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகிறது. வருடா வருடம் மண்டபத்தின் படம் மட்டும் இன்னும் அழகாகிறது. படத்தை யார் கேட்டார்கள்?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முடியாததைக் கேட்கவில்லை, ஆப்பிளின் லாஜிக் மென்பொருளில் உள்ள ஸ்பேஸ் டிசைனர் ரிவெர்பில் டிரைக்கும் வெட்டுக்கும் தனித்தனி ஸ்லைடர் இருக்கிறது. நீங்களும் இரண்டு ஃபேடர் கொடுங்கள், டெசிபலில். பிரீசெட் மாற்றினாலும் அவை அசையாமலிருக்க ஒரு பூட்டு வையுங்கள். நேரடி ஒலியை நீக்க ஒரு பொத்தானும் சேர்த்தால் பெரிய உதவி. அடுத்த பதிப்பிலேயே செய்துதருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மிக்ஸிங் என்ஜினியர்