பீரங்கியை மலைக்கு ஏற்றியவர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையின் பழைய படைமுகாம் ஒன்றில் இயங்கும் அருங்காட்சியகம் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். எங்கள் ஊரைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆயினும், இந்நகரை உருவாக்கியவர்கள் ஐரோப்பியப் படையினரே என்ற அந்த ஒரு வரியை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள் என்பதும், கோட்டை வாசலில் பாண்டியரின் சின்னமான இரட்டைக் கயலும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் இருப்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. 1639இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் என்று கொடி மாறிய ஆண்டுகளையெல்லாம் எழுதிய கட்டுரையாளருக்கு, அதற்கு முன்பே இங்கு ஊரும் கோயிலும் இருந்தன என்று எழுத மனம் வரவில்லை. போர்க்காலத்தில் அடையாள அட்டையை நீட்டியபடி அந்தக் கோட்டை வாசலைக் கடந்து, உள்ளே மீண்டும் எழுப்பப்பட்ட கோயிலில் கோணேசரைக் கும்பிடப் போனவர்கள் நாங்கள். எங்களுக்கு இது சிறிய விடயம் அன்று.

அந்த அருங்காட்சியகத்துக்கு நானும் பேத்தியுடன் சென்றிருந்தேன். கறுப்பு வர்ணம் புதிதாகப் பூசிய பீரங்கியைத் தடவிப் பார்த்து, "அம்மம்மா, இவ்வளவு பாரத்தை மலைக்கு மேல ஆர் ஏத்தினது?" என்று கேட்டாள். அறிவிப்புப் பலகையில் அதன் நிறையும் குண்டு பாயும் தூரமும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. அதை இழுத்து ஏற்றியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. தமிழர் வாழும் இந்நகரில் அந்தப் பலகைக்கு இன்னும் அது எட்டவில்லை.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது என் தகப்பனார் கடற்படையின் கப்பல் பழுதுபார்க்கும் இடமான டொக்யார்ட்டில் வேலையில் நின்றவர். எண் பொறித்த அவருடைய பித்தளை வில்லை, ஓரம் தேய்ந்த நிலையில், இன்றும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதோடு அவருடைய வேலையும் போயிற்று. கப்பல்களின் பெயர்களையும் தளபதிகளின் படங்களையும் சுவர் நிறைய மாட்டியிருப்பவர்கள், அந்தக் கப்பல்களைப் பழுதுபார்த்த கைகளுக்கு ஒரு மூலையையாவது ஒதுக்கக் கூடாதா?

அந்த வரிக்குத் தங்கள் இதழ் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். பலகைகளில் தமிழையும் சேர்க்குமாறு உரியவர்களைத் தாங்கள் எழுதிக் கேட்க வேண்டும். டொக்யார்ட் தொழிலாளருக்கென ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கப்படுமாயின், தகப்பனாரின் வில்லையைக் கையளிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.