ராம் வாங்க வரும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ரிச்சி தெரு கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்கார அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். கம்ப்யூட்டர் பாகம் என்றாலே சென்னையில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மவுண்ட் ரோட்டை ஒட்டிய உங்கள் தெருதான். செங்கல்பட்டிலிருந்துகூட ரயில் பிடித்து வருகிறார்கள். கடைக்காரர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் வருகிறார்கள்.

நான் வடசென்னையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். இந்த மடல் ராம், அதாவது கம்ப்யூட்டரின் மெமரி, பற்றியது. "அண்ணா, ராம் கூட்டினா கேம் ஸ்பீடாகும்னு கடையில சொன்னாங்க, போட்டும் ஒண்ணும் மாறலை" என்று பிள்ளைகள் அடிக்கடி வந்து நிற்கிறார்கள். போன மாதம் ஒரு பையனின் கம்ப்யூட்டரில் 16 ஜிபி ராம் இருந்ததை 32 ஆக்கி அனுப்பியிருந்தார்கள். கேமை ஓடவிட்டு, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். மெமரி 11 ஜிபியைத் தாண்டவே இல்லை. பழைய கிராபிக்ஸ் கார்டோ 99 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. அவன் அப்பா ஓவர்டைம் பார்த்துக் கொடுத்த பணம் அது. எனக்கு வயிறு எரிந்தது.

உங்களுக்குத் தெரியாததில்லை. பிரேமை, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்தையும், வரைவது கிராபிக்ஸ் கார்டு, அதற்கு வேலை கொடுப்பது பிராசசர். கேமுக்கு வேண்டியதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதுதான் ராமின் வேலை. இடம் போதாவிட்டால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்கு 17 மில்லி செகண்ட்கூடக் கிடையாது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு தகவலைத் தேடி எடுக்கவே ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் வேண்டும். கேம் நின்று நின்று ஓடுவது அதனால்தான். அப்படி 8 ஜிபியில் திண்டாடுகிறவருக்கு 16 கொடுங்கள், கண்கூடாக வித்தியாசம் தெரியும். இடம் ஏற்கெனவே காலியாக இருப்பவருக்கு இன்னொரு 16 சும்மாதான் கிடக்கும்.

அளவை விட முக்கியமான ஒன்றைக் கவுண்டரில் யாருமே பேசுவதில்லை. ஒற்றை 16 ஜிபி ஸ்டிக் போட்டால் சிங்கிள் சேனல், ராமுக்கும் பிராசசருக்கும் நடுவே ஒரே பாதை. இரண்டு 8 ஜிபி போட்டால் டூயல் சேனல், தகவல் போகும் பாதை இரு மடங்கு. தனி கார்டு வாங்க வசதியில்லாமல் ரைசன் 5600ஜி மாதிரி கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசசரை நம்பியிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். அதன் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இந்த இரட்டைப் பாதை கிடைக்க, ராமுக்கு நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் சொருக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் சொருகி அனுப்பிய பெட்டிகளை நானே பிரித்து மாற்றியிருக்கிறேன்.

அப்புறம், எக்ஸ்எம்பி, அதாவது ராமை அட்டையில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங். அட்டையில் வேகம் 3200 என்று அச்சடித்த டிடிஆர்4 வகை ராம் பல போர்டுகளில் 2133லோ 2400லோதான் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் பயாஸ் செட்டிங்கில் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய ஒரு நிமிடம் போதும். காசு வாங்கிய வேகத்தைக் கொடுக்காமல் அனுப்புவது நியாயமா, சொல்லுங்கள்.

வியாபாரத்தைக் கெடுக்க எழுதவில்லை. ராம் கேட்டு வருகிறவரிடம், "கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரை ஒரு போட்டோ எடுத்துட்டு வா தம்பி" என்று சொல்லுங்கள். மெமரி நிரம்பியிருந்தால் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். கார்டுதான் முட்டுக்கட்டை என்றால் ராமை அவன் தலையில் கட்டாதீர்கள். செட்டிங்ஸைக் குறைத்து விளையாடச் சொல்லுங்கள், காசு சேர்ந்ததும் கார்டு வாங்க உங்களிடமே வருவான்.

இன்னொன்று. பிரித்த ராமைத் திரும்ப எடுப்பதில்லை என்று பல கடைகளில் பில்லிலேயே போட்டிருக்கிறீர்கள். தானாகக் கேட்டு வாங்கியவருக்கு அது சரி. நீங்கள் சொல்லி வாங்கியவருக்கு, பொருள் சேதமில்லாமல் இருந்தால், ஒரு வாரத்துக்குள் வேறு பாகத்துக்கு மாற்றிக் கொடுங்கள். அந்தப் பையனுக்குப் போட்டுக் கழற்றிய ராம் கீறல்கூட இல்லாமல் அட்டைக்குள் இருக்கிறது. பில்லும் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
வடசென்னை கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் ஒருவர்