தோலின் ஈரம் தட்டிலும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

தோல் வறட்சி என்றாலே க்ரீமைப் பற்றி மட்டும் பேசுகிறோம். புரதத்தின் பங்கையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

தோலின் மேலடுக்கில் ஃபிலாக்ரின் என்ற புரதம் உள்ளது. அது சிதையும்போது கிடைக்கும் அமினோ அமிலங்களும் (புரதத்தின் அடிப்படை அலகுகள்) அவற்றிலிருந்து உருவாகும் பொருள்களும்தான் செல்லுக்குள் நீரைப் பிடித்துவைக்கின்றன. செல்களுக்கு இடையே நீர் கசியாமல் அடைக்கும் செராமைடு என்ற கொழுப்பின் தயாரிப்புகூட செரின் என்ற அமினோ அமிலத்தில்தான் தொடங்குகிறது. கடுமையான புரதக் குறைபாட்டில் குழந்தைகளின் தோல் பெயின்ட் உரிவதுபோல் உரிவதை மருத்துவ நூல்கள் விவரிக்கின்றன.

ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை. 60 கிலோ எடைக்கு 48 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 100 கிராம் வெந்த பருப்பில் 8 அல்லது 9 கிராம் கிடைக்கும். எடை குறைக்கப் பட்டினி கிடப்பவர்கள் கவனிக்க: மொத்தக் கலோரி போதாவிட்டால் உண்ட புரதத்தையே உடல் எரிபொருளாக்கிவிடும். கொழுப்பை முற்றாக ஒதுக்குவதும் தவறு. லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இல்லாமல் தோல் செல்களுக்கு இடையிலான அந்த அடைப்பு உறுதிப்படாது.

தேவையான அளவு உண்பவர் அதற்கு மேல் புரதப் பவுடர் குடித்தால் தோல் கூடுதலாக மினுங்கும் என்று நம்ப வேண்டாம். உணவைச் சரிசெய்தாலும் மேல்தோல் புதுப்பிக்கப்படச் சில வாரங்கள் ஆகும். அதுவரை நீண்ட வெந்நீர்க் குளியலைத் தவிர்த்து, ஈரம் காயுமுன் க்ரீம் தடவுங்கள். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்