கிரேடு 2 என்றால் ஸ்டேஜ் 2 இல்லை, கண்ணு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ அழுதது காதிலேயே நிற்கிறது. என் ரிப்போர்ட்டில் 'அனீமியா, கிரேடு 2' என்று பார்த்ததும் புற்றுநோய் முற்றிவிட்டதாக நினைத்துவிட்டாய். இல்லவே இல்லை. அது என் ரத்தசோகைக்குப் போட்ட எண். ஹீமோகுளோபின் 10க்குக் கீழே வந்து 8 வரை இருந்தால் கிரேடு 2, அதற்கும் கீழே போனால் கிரேடு 3. எனக்கு 9.1. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்ல 'ஸ்டேஜ்' என்று தனிச் சொல் இருக்கிறது. சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி ரிப்போர்ட்டிலும் ஒரு கிரேடு வரும், அது புற்றுநோய் செல்களின் தோற்றத்தைப் பற்றியது. ஒரே சொல்லை இத்தனை இடத்தில் வைத்தால் யார்தான் குழம்பமாட்டார்கள்? அதனால் எந்தத் தாளில், எதற்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று முதலில் பார்.

வெள்ளணு முதல் கீமோவிலேயே இறங்கியதே, சிவப்பணு மட்டும் ஏன் நாலாவது கீமோவில் என்று கேட்டாய். நல்ல கேள்வி. சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையின் வேலையைக் கீமோ மருந்து மந்தமாக்கினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய அணுக்கள் கொஞ்ச காலம் தாங்கும். அவை ஒவ்வொன்றாக உதிர, ஈடுகட்டப் புதியவை போதாமல் போகும்போதுதான் எண் இறங்குகிறது. வெள்ளணுவில் பெரும்பகுதி சில நாள்கூட வாழாது, அதுதான் அவ்வளவு சீக்கிரம் குறைந்தது.

அப்புறம் பெர்ரிட்டின். அது உடம்பில் சேர்த்துவைத்த இரும்புச்சத்தின் கணக்கு. எனக்கு அது குறையவே இல்லை, பிறகு ஏன் இரும்பு ஊசி என்று நானும் டாக்டரிடம் விடாமல் கேட்டேன். உடம்பில் அழற்சி இருந்தால் பெர்ரிட்டின் தானாகவே ஏறுமாம். இரும்பு கிடங்கில் பூட்டிக் கிடக்கும், மஜ்ஜைக்கு வந்து சேராது. அதனால்தான் 'டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன்' என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ரத்தத்தில் இரும்பைச் சுமந்து போகும் வண்டிகளில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் சதவீதம் அது. எனக்கு 14 தான், 20க்குக் கீழே என்றால் குறைவு. இந்த நிலையில் மாத்திரை குடலில் சரியாக ஏறாது, அதனால் நரம்பு வழியாகக் கொடுக்கிறார்கள்.

ரத்தம் ஏற்ற வேண்டுமா என்று கேட்டாயே, இப்போது வேண்டாம் என்றுதான் டாக்டர் சொன்னார். பொதுவாக ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கும்போதுதான் அந்தப் பேச்சு வருமாம். ஆனால் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்றும் கேட்கிறார்கள். நர்ஸ் என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்து, "வெளிறித்தான் இருக்கு, ஆனா போன வாரம் மாதிரியேதான்" என்றாள். மாடிப்படியில் ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன். போன மாதம் நிற்காமல் ஏறினேன். இதை உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். ரிப்போர்ட் வந்ததும் அனுப்புகிறேன். நீ தனியாகத் திறக்காதே, என்னைக் கூப்பிடு, ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
அம்மா