யானைக்கு வழிவிடுங்கள்

ஐயா,

இலங்கை வனச் சுற்றுலா பற்றிய கட்டுரை படித்தேன். போன ஆகஸ்டில் நாங்களும் மின்னேரியா போயிருந்தோம். மகாசேன மன்னன் கட்டிய ஏரி அது. மழையில்லாத மாதங்களில் தண்ணீர் வற்ற வற்ற, கரையில் முளைக்கும் பசும்புல்லுக்கு யானைகள் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன. (எங்கள் பக்கத்தில் ஏரி வற்றினால் கிரிக்கெட்தான்!)

குட்டியோடு நின்ற ஒரு யானையை ஏழெட்டு ஜீப்புகள் வளைத்துக்கொண்டன. அது காதை விரித்து மண்ணை வாரி இறைத்தும் எங்கள் ஓட்டுநர் நகரவில்லை. அவரை மட்டும் குறை சொல்வானேன்? 'இன்னும் கிட்டப் போங்க' என்றது எங்கள் ஜீப்பில் இருந்த நாங்கள்தான், செல்ஃபிக்காக. போகிறவர்கள் ஜீப் பேசும்போதே 'தள்ளி நிறுத்தினால் போதும்' என்று சொல்லிவிடுங்கள். பைனாகுலர் எதற்கு இருக்கிறது?

– ஒரு வாசகர், காட்பாடி, வேலூர்