கார் வாங்கியாகிவிட்டது, பிளக் பாயின்ட்டுக்கு இன்னும் அனுமதி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் மின்சாரக் கார்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. எந்தக் கார் ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும், எது எத்தனை விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்றெல்லாம் அட்டவணை போட்டிருந்தீர்கள். ஆர்வத்தோடுதான் படித்தேன். ஆனால் வாங்கப்போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதில் இல்லை. ராத்திரி வண்டியை நிறுத்துகிற இடத்தில் சார்ஜ் போட வழி இருக்கிறதா? அதைக் கேட்காமல் வாங்கியவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு செவிலியர். ஒரு வருடம் ஏழு மாதமாக மின்சாரக் கார் ஓட்டுகிறேன். 48 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காம் மாடி. கீழ்த்தளத்தில் என் பெயருக்கு ஒதுக்கிய நிறுத்துமிடம் உண்டு. மருத்துவமனைக்கு 22 கிலோமீட்டர். காரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சத்தம் இல்லை, கியர் இல்லை, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த காலுக்கு கிளட்ச் மிதிக்கிற வேலையும் இல்லை.

கார் வந்த வாரமே சார்ஜர் மாட்ட எலக்ட்ரீஷியன் வந்தார். இடத்தைப் பார்த்துவிட்டு, "சங்கத்துல லெட்டர் வாங்கிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அன்றுதான் அப்படி ஒன்று தேவை என்பதே எனக்குத் தெரியும். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு விண்ணப்பம் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து, முடியாது என்று பதில் வந்தது.

நடுவில், தரைத்தள வீட்டு அக்கா என் கஷ்டத்தைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாம் நாள் இரவு அவரே பதறிப்போய் போன் செய்தார். பிளக்கைத் தொட முடியவில்லை, பிளாஸ்டிக் பழுப்பேறி நாற்றம் வருகிறது என்றார். ஓடிப்போய் மெயினை அணைத்தேன். இதை ஒளிக்காமல் சொல்வதற்குக் காரணம், வேறு வழியில்லாமல் இப்படிச் செய்துகொண்டிருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதுதான். இஸ்திரிப் பெட்டியும் ஹீட்டரும் சில நிமிடங்கள் ஓடி நின்றுவிடும். கார் அப்படியில்லை, பத்து மணி நேரம் விடாமல் மின்சாரத்தை இழுக்கும். பிளக்கின் உள்ளே ஒரு திருகு லேசாகத் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகிக்கொண்டே போகும். தயவுசெய்து யாரும் எக்ஸ்டென்ஷன் ஒயரில் காருக்குச் சார்ஜ் போடாதீர்கள்.

அப்புறம் பொது சார்ஜரே கதியாயிற்று. என் காரின் பேட்டரியில் 30 யூனிட் மின்சாரம்தான் பிடிக்கும். ஏசி போட்டு, வேகமான சாலையில் போனால் விளம்பரத்தில் சொன்ன தூரம் வராது. மூன்று நாளைக்கு ஒருமுறையாவது சார்ஜரைத் தேடிப் போக வேண்டும். நான் போகிற இடத்தில் காரில் சொருகுகிற கன் இரண்டு உண்டு. பெரும்பாலும் அதில் ஒன்று வேலை செய்யாது. இரண்டும் வேலை செய்கிற நாளில் பக்கத்துக் கார்க்காரரோடு மின்சாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், நேரம் இரட்டிப்பாகும். 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறும். அதற்கு மேல் பேட்டரியைக் காப்பாற்றக் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே 80 வந்ததும் எடுத்துவிடுவதுதான் அடுத்தவருக்கும் நல்லது.

போன மழைக்காலத்தில் ஒரு இரவு. மாலை ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது பத்தரை மணி, பேட்டரி 9 சதவீதம். ஆப் ஒரு சார்ஜரைப் பச்சையாகக் காட்டியது. போய்ப் பார்த்தால் திரையே எரியவில்லை. அடுத்தது ஆறு கிலோமீட்டர் தள்ளி. அங்கே சார்ஜருக்கு முன்னால் யாரோ பெட்ரோல் காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது இடத்தில் சார்ஜர் வேலை செய்தது, தெருவிளக்கு எரியவில்லை. ஆப்புக்கான கடவுச்சொல் குறுஞ்செய்தி வர பத்து நிமிடம். நடுராத்திரிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு காருக்குள் தனியாக நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் மகள் தூங்காமல் இருந்தாள். சார்ஜரை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கிறவர்கள், இரவில் தனியாக வரும் ஒரு பெண்ணை மனதில் வைத்து அந்த இடத்தை ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதெல்லாம் தீர்க்க முடியாதவை இல்லை. பிரிட்டனில் 2024 நவம்பரிலிருந்து, வேக சார்ஜர் நடத்தும் நிறுவனங்கள் வருடத்தில் சராசரியாக 99 சதவீத நேரம் அவற்றை வேலை செய்யும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் 13 முதல் புதிதாக நிறுவும் வேக சார்ஜர்களில், எந்த ஆப்பிலும் பதிவு செய்யாமல் வங்கி அட்டையைக் காட்டியே பணம் கட்ட முடிய வேண்டும்.

ஆனாலும் பொது சார்ஜர் வெளியூர்ப் பயணத்துக்கானது. தினசரி ஓட்டத்துக்கு வீடுதான் இடம். அதனால் சங்கம் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

முதல் காரணம், கட்டடத்தின் மின் இணைப்பு தாங்காது என்பது. 48 வீட்டுக்காரர்களும் 7 கிலோவாட் சார்ஜர் வைத்தால் 336 கிலோவாட் ஆகும் என்று கணக்குக் காட்டினார்கள். பெருக்கல் சரி. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் போட்டால்தான் அது. எனக்கு ஒரு நாளைக்கு 44 கிலோமீட்டர் ஓட்டம். அதற்கு, வீணாகிறதையும் சேர்த்து, சுமார் 7 யூனிட் போதும். எல்லா வீட்டுக்கும் அதே அளவு என்று வைத்தாலும் ஒரு இரவுக்கு மொத்தம் 336 யூனிட் (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை ஒன்பது மணி நேரம் இருக்கிறது. பரவலாகப் பிரித்துக் கொடுத்தால் 38 கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும். கட்டடம் அந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து, மிச்சத்தை மட்டும் கார்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிற கருவிகள் வந்து வருடங்கள் ஆகின்றன. இன்றைக்கு எங்கள் குடியிருப்பில் மின்சாரக் கார் வைத்திருப்பது மூன்றே வீடு!

இரண்டாவது, தீ. இந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். தீக்காயப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம், நிறைய தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகும் மறுபடி பிடிக்கலாம். அதனால்தான் முறையான சார்ஜர் கேட்கிறேன். தனி ஒயர், சரியான எர்த், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி, புகை உணரும் கருவி, உரிமம் பெற்றவர் கையெழுத்து எல்லாம் இருக்கட்டும், செலவு என்னுடையது. அனுமதி மறுத்துவிட்டதால் கார்கள் கீழ்த்தளத்தை விட்டுப் போய்விடவில்லை. அக்கா வீட்டு பிளக் கருகியதுதான் நடந்தது.

மூன்றாவது, மின்கட்டணம் யார் கட்டுவது என்பது. என் சார்ஜர் இழுக்கும் மின்சாரத்தைத் தனியாகக் காட்டும் சப் மீட்டர் வைத்தால் முடிந்தது.

ஜெர்மனியில் 2020 டிசம்பர் 1 முதல், அடுக்குமாடியில் வீட்டு உரிமையாளர் தன் செலவில் சார்ஜிங் வசதி கேட்டால் சங்கம் மறுக்க முடியாது. எப்படி அமைப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கலாம். வாடகைக்கு இருப்பவரும் வீட்டுக்காரரிடம் அந்த அனுமதியைக் கேட்கலாம். நார்வேயிலும் தகுந்த காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது. அங்கே 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது மின்சாரக் கார்.

நம் சட்டமன்ற உறுப்பினர்களும் குடியிருப்புச் சங்கத்தினரும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அடுத்த சிறப்புப் பக்கத்தில் சார்ஜ் போடும் உரிமையைப் பற்றி எழுதுங்கள். எங்கள் சங்கத்தின் பொதுக்குழு அடுத்த மாதம் கூடுகிறது. மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதி 48 பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அதோடு அந்தப் பழுப்பேறிய பிளக்கையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி